அமெரிக்காவில் பார்ம்டி படிப்பில் சேர: வரிசை தவறாமல் ஒரு முழுமையான வழிகாட்டி

மருந்தாளுநர் ஆவதற்கான பார்ம்டி படிப்புக்கு விண்ணப்பம் போடும் மாணவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். மதிப்பெண் குறைந்து கோட்டைவிட்டவர்களைவிட, வேலைகளை வரிசை மாற்றிச் செய்து கோட்டைவிட்டவர்களே அதிகம். கட்டுரையை மூன்று மாதம் செதுக்குவார்கள். பழைய கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (படித்த பாடங்கள், கிரேடுகளின் அதிகாரப்பூர்வப் பட்டியல்) வர வாரக்கணக்கில் ஆகும் என்பது கடைசி நாளில்தான் தெரியவரும்.

கட்டுரை உங்கள் கையில் இருக்கிறது. ஒரே இரவில்கூட அதைத் திருத்திவிடலாம். பதிவாளர் அலுவலகமும், பரிந்துரை எழுதும் பேராசிரியரும் உங்கள் கையில் இல்லை. பிறர் கையில் இருக்கும் வேலையை முதலில் கிளப்பிவிட வேண்டும். தன் கையில் இருப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள வரிசை முழுவதும் இந்தக் கணக்கில் அமைந்ததுதான்.

## 1. உங்கள் வாசல் எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் இப்போது மருந்தாளுநர் உரிமத்துக்கு வழிவிடும் தொழிற்பட்டம் பார்ம்டி ஒன்றுதான். ஆனால் அதற்குள் போகும் வாசல்கள் பல. தவறான வாசலில் நின்று தட்டினால் ஓராண்டு போய்விடும்.

பள்ளி மாணவர் என்றால், பள்ளியிலிருந்து நேராகச் சேரும் ஆறு ஆண்டுத் திட்டங்கள் உண்டு. நியூயார்க்கின் செயின்ட் ஜான்ஸ், நியூஜெர்சியின் ரட்கர்ஸ் ஆகிய பல்கலைக்கழகங்களில் இப்படிச் சேரலாம். இதற்கு மற்ற இளநிலை மாணவர்களைப் போலப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சேர்க்கை வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆண்டுகளில் குறிப்பிட்ட ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) எடுத்தால்தான் தொழிற்படிப்புப் பகுதிக்குள் விடுவார்கள். அந்த நிபந்தனையைப் படிக்காமல் சேர்ந்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் கையைப் பிசைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு, முன்தேவைப் பாடங்களை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் முடித்துவிட்டு நான்கு ஆண்டு பார்ம்டியில் சேருவது பழகிய பாதை. பல கல்லூரிகள் இளநிலைப் பட்டம் கேட்பதில்லை, சில கேட்கும். விடுமுறை இல்லாமல் மூன்றே ஆண்டுகளில் முடிக்கும் திட்டங்களும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2018 முதல் இப்படித்தான் நடத்துகிறது.

இந்தியாவில் பார்மசி படித்துவிட்டு வருபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான சமநிலைத் தேர்வான எஃப்பிஜிஇஇ எழுத, 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் குறைந்தது ஐந்து ஆண்டுப் பாடத்திட்டம் படித்திருக்க வேண்டும். நான்கு ஆண்டு பி.பார்ம் இதற்குப் போதாது. ஆகவே அவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரியில் பார்ம்டி படிப்பதே வழி. இந்தியாவில் ஆறு ஆண்டு பார்ம்.டி முடித்தவர்களுக்கோ அந்தத் தேர்வின் கதவு திறந்திருக்கிறது. விசாரிக்காமல் இன்னொரு நான்கு ஆண்டுக்குப் பணம் கட்டிவிட வேண்டாம்.

## 2. கல்லூரிப் பட்டியலைப் போடும்போது இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள்

பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கல்லூரியும் கேட்கும் முன்தேவைப் பாடங்கள் வேறு வேறு என்பதே காரணம். பாடங்களை முதலில் படித்துவிட்டுப் பிறகு கல்லூரி தேடுபவர், தைத்த சட்டைக்கு ஆள் தேடுகிறார்.

முதலில் அங்கீகாரம். பார்ம்டி திட்டங்களை அங்கீகரிக்கும் அமைப்பு ஏசிபிஇ. அதன் தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் நிலையும் இருக்கும்: முழு அங்கீகாரமா, இன்னும் ஓர் அணிகூடப் பட்டம் பெறாத கேண்டிடேட் நிலையா, மாணவர்களையே சேர்க்காத பிரீகேண்டிடேட் நிலையா, குறைகளுக்காகக் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் விளம்பரத் தாளில் இருக்கும் சொல்லை நம்பாதீர்கள்.

அடுத்தது நேப்ளெக்ஸ், அதாவது பட்டம் பெற்றபின் எழுதும் உரிமத் தேர்வு. முதல் முயற்சியில் தேறியவர்களின் விகிதம் கல்லூரி வாரியாக வெளியிடப்படுகிறது. புதியவர்கள் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். தடுமாறும் மாணவர்களை இடையிலேயே நிறுத்திவைக்கும் கல்லூரிக்கும் இந்த எண் அழகாகவே இருக்கும். அதனால் உரிய காலத்தில் பட்டம் முடித்தவர்களின் விகிதத்தையும் எடுத்து, இரண்டையும் பெருக்குங்கள். நூறு பேர் சேர்ந்து, எழுபது பேர் உரிய காலத்தில் முடித்து, அதில் 80 சதவீதம் பேர் தேறினால், நேர்வழியில் கரை சேர்ந்தவர்கள் 56 பேர்தான். சேர்க்கை அதிகாரியிடம் கேட்க வேண்டிய கேள்வி, மீதி 44 பேர் எங்கே என்பது.

இதை வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. கடந்த பத்தாண்டுகளில் பார்ம்டிக்கு விண்ணப்பிப்பவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். பல கல்லூரிகளில் இடங்கள் நிரம்புவதில்லை. எங்காவது ஓரிடத்தில் சேர்ந்துவிடுவது முன்பு போல் கடினமில்லை. இடம் எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகவே ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வதுதான் இன்றைய பெரிய ஆபத்து. என் கணக்கில் ஆறு முதல் எட்டுக் கல்லூரிகள் போதும். சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றாவது அதில் இருக்கட்டும், அங்கே கல்விக் கட்டணம் குறைவு.

ஒரு வார்த்தை பிசிஏடி நுழைவுத் தேர்வு பற்றி: அது 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பி அதற்குப் புத்தகம் வாங்க வேண்டாம்.

## 3. முன்தேவைப் பாடங்கள்: வேதியியலிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

உயிரியல், நுண்ணுயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல், கால்குலஸ், புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு, சில இடங்களில் பொருளாதாரம். பட்டியல் பயமுறுத்தும். ஆனால் உங்கள் காலக்கணக்கைத் தீர்மானிப்பது வேதியியல் மட்டுமே. மற்றவற்றை இங்கும் அங்கும் செருகலாம். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அதன் பிறகே கரிம வேதியியல் இரண்டு செமஸ்டர், அதன் பிறகு உயிர்வேதியியல். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார முடியாது.

2028 ஆகஸ்டில் வகுப்பில் உட்கார வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத் தளம் (பார்ம்காஸ்) அதற்கு முந்தைய ஆண்டு, 2027 ஜூலை நடுவில் திறக்கும். கரிம வேதியியலை 2027 இலையுதிர் செமஸ்டரில் தொடங்கி 2028 வசந்த செமஸ்டரில் முடிப்பீர்கள். அப்படியானால் பொது வேதியியல் 2026 இலையுதிர் செமஸ்டரில் தொடங்கியாக வேண்டும். கால்குலஸ் பயமாக இருக்கிறது, முதல் ஆண்டு எளிதான பாடங்களை எடுக்கிறேன் என்று வேதியியலைத் தள்ளிப்போட்டால், சேர்க்கையும் முழுதாக ஓராண்டு தள்ளிப்போகும்.

எல்லாப் பாடங்களையும் முடித்த பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு. தேவையில்லை. படித்துக்கொண்டிருக்கும் பாடங்களையும் படிக்கப்போகும் பாடங்களையும் விண்ணப்பத்தில் காட்டலாம். வகுப்பு தொடங்கும் முன் முடித்திருந்தால் போதும்.

ஒரு விரிதாளைத் திறந்து, மேலே கல்லூரிகளையும் இடப்பக்கம் பாடங்களையும் எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்), ஆய்வகம் கட்டாயமா, குறைந்தபட்ச கிரேடு எது. சி கிரேடு வேண்டும் என்று சொல்லும் பல இடங்களில் சி மைனஸ் செல்லாது. ஆன்லைன் ஆய்வகத்தை ஏற்காத கல்லூரிகள் உண்டு. அறிவியல் பாடங்கள் இத்தனை ஆண்டுகளுக்குள் படித்ததாக இருக்க வேண்டும் என்று வரம்பு வைக்கும் கல்லூரிகளும் உண்டு; வேலைக்குப் போய்விட்டுத் திரும்பப் படிக்க வருபவர்களை இது குப்புறத் தள்ளும். சந்தேகம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை ஓராண்டு கழித்து நிரூபிக்க முடியாது.

## 4. மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நில்லுங்கள்

பார்மசி டெக்னீஷியனாகப் பகுதிநேர வேலை கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. கிடைக்காதவர்கள் மருத்துவமனையில் தன்னார்வப் பணி செய்யலாம், ஒரு மருந்தாளுநரிடம் அனுமதி வாங்கி அவர் கூடவே இருந்து பார்க்கலாம்.

இதை இவ்வளவு சீக்கிரம் வரிசையில் வைத்ததற்கு இரண்டு காரணம். பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மருந்தாளுநர் வேண்டும். ஜூனில் அறிமுகமாகி ஜூலையில் கடிதம் கேட்க முடியாது. இரண்டாவது, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தோடு தொலைபேசியில் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதும் இதில் ஒரு பகுதி. இதைக் கண்ட பிறகு மனம் மாறி வேறு படிப்புக்குப் போனவர்களை நான் தோற்றவர்களாக நினைப்பதில்லை. லட்சம் டாலர் கடனை மிச்சப்படுத்தியவர்கள் அவர்கள்.

தேதி, இடம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள். விண்ணப்பத்தில் எல்லாம் கேட்பார்கள்.

## 5. பரிந்துரையாளர்களை வசந்த காலத்திலேயே பிடியுங்கள்

பொது விண்ணப்பத் தளமான பார்ம்காஸ் நான்கு பரிந்துரைகள் வரை ஏற்கும். கல்லூரிகள் எத்தனை கேட்கின்றன, யாரிடமிருந்து கேட்கின்றன என்பது மாறும். அறிவியல் பேராசிரியர் ஒருவரும் மருந்தாளுநர் ஒருவரும் இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும். உறவினர், குடும்ப நண்பர், கோவில் சங்கத் தலைவர் கடிதங்களை விட்டுவிடுங்கள். பல கல்லூரிகள் அவற்றை வெளிப்படையாகவே மறுக்கின்றன.

மே மாதம் வகுப்பு முடிவதற்குள் நேரில் போய்க் கேளுங்கள். கோடையில் பேராசிரியர்கள் ஊரில் இருப்பதில்லை. கேட்கும் முறையும் முக்கியம். "எனக்காகப் பரிந்துரை எழுதுவீர்களா?" என்றால் தட்ட முடியாமல் சரி என்பார்கள். "என்னைப் பற்றி வலுவாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். அரைமனதாக எழுதிய கடிதம் வராத கடிதத்தைவிட மோசம்.

சரி என்றவரிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: எந்த வகுப்பு, என்ன கிரேடு, ஆய்வகத்தில் நடந்த ஏதாவது ஒரு சம்பவம். இருநூறு மாணவர்களில் உங்களை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடிதம் எழுதுபவருக்குத் தளத்திலிருந்தே மின்னஞ்சல் போகும். அது குப்பைப் பெட்டியில் விழுவது வாடிக்கை. அனுப்பிய அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்வி வரும். விட்டுக்கொடுப்பதே வழக்கம். அப்போதுதான் படிப்பவர் அதை ஒளிவுமறைவற்ற கடிதமாக எடுத்துக்கொள்வார்.

## 6. தளம் திறப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

படித்த ஒவ்வொரு கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட்டிலும் உங்களுக்கென ஒரு பிரதியை ஜூனிலேயே வாங்கிவிடுங்கள். கல்லூரியின் மாணவர் தளத்தில் தெரியும் பட்டியல் வேறு, பதிவாளர் தரும் டிரான்ஸ்கிரிப்ட் வேறு. பாடக் குறியீடும் செமஸ்டர் பெயரும் சிறிது மாறி இருக்கும். கட்டணப் பாக்கியோ திருப்பித் தராத நூலகப் புத்தகமோ இருந்து உங்கள் பதிவை நிறுத்திவைத்திருந்தால், அதுவும் இப்போதே வெளிச்சத்துக்கு வரும்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இந்தக் கட்டம்தான் மிக நீளம். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல் டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போய், பாடம் பாடமாக மதிப்பிட்ட அறிக்கையாக வர வேண்டும். மொத்தப் பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கையை வாங்கிவிட்டு இரண்டாம் முறை பணம் கட்டுவது அடிக்கடி நடக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது பாடவாரி அறிக்கை. பல்கலைக்கழகத்திலிருந்து உறை கிளம்பவே மாதங்கள் ஆகலாம் என்பதால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். டோஃபல் தேர்வுக்கும் அதே நேரத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சில கல்லூரிகள் முன்தேவைப் பாடங்களில் ஒரு பகுதியையாவது அமெரிக்கக் கல்லூரியில் படிக்கச் சொல்லும். அதை மூன்றாம் படியிலேயே விரிதாளில் குறித்திருப்பீர்கள்.

## 7. பாடப் பதிவு: இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்

பார்ம்காஸ் விண்ணப்பத்தில் நான்கு பகுதிகள் உண்டு: சொந்த விவரம், கல்வி வரலாறு, துணை விவரங்கள், ஒவ்வொரு கல்லூரியும் தனியாகக் கேட்பவை. கல்வி வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். இதில் நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தையும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். பிறகு அவர்கள் அதை அதிகாரப்பூர்வ டிரான்ஸ்கிரிப்ட்டோடு வரி வரியாக ஒப்பிடுவார்கள்.

முதலில் கல்லூரிகளைச் சேருங்கள். சேர்த்ததும் ஒவ்வொரு கல்லூரிக்கும் டிரான்ஸ்கிரிப்ட்டோடு இணைக்க ஒரு படிவம் கிடைக்கும். பதிவாளர் அலுவலகம் டிரான்ஸ்கிரிப்ட்டை நேராகப் பார்ம்காஸுக்கே அனுப்ப வேண்டும். உங்கள் கைக்கு வந்து நீங்கள் அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். ஆகவே கல்லூரிகளைச் சேர்த்த அதே நாளில் டிரான்ஸ்கிரிப்ட் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அது நடந்துகொண்டிருக்கும்போது பாடங்களைத் தட்டச்சு செய்யுங்கள். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் ஒரு மாதம் வீண்.

விட்டுப்போன கல்லூரி என்பது ஒரு தனிக் கதை. ஒரு மாணவி, எல்லாப் பாடத்திலும் ஏ. டிசம்பரில் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. என்னிடம் வந்து, "அண்ணா, நான் படித்தது ஒரே கல்லூரிதான், எதற்காகத் திருப்பி அனுப்பினார்கள் என்றே புரியவில்லை" என்றார். அவருடைய டிரான்ஸ்கிரிப்ட்டை விரித்து முதல் பக்கத்தின் மேலோரத்தைப் பார்த்தேன். 'மாற்றப்பட்ட கிரெடிட்' என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி: கால்குலஸ், நான்கு கிரெடிட், ஒரு கம்யூனிட்டி கல்லூரியின் பெயர். பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே கல்லூரிப் பாடமாக எடுத்தது. அவர் அதைக் கல்லூரி என்றே நினைக்கவில்லை. அந்த டிரான்ஸ்கிரிப்ட் வந்து, மறுபடி வரிசையில் நின்று, சரிபார்ப்பு முடிவதற்குள் அவருடைய வகுப்புத் தோழிகள் நேர்முகத் தேர்வே முடித்துவிட்டிருந்தார்கள். பள்ளிக் காலத்துக் கல்லூரிப் பாடம், கோடையில் எடுத்த ஒற்றைப் பாடம், பாதியில் விட்ட கல்லூரி எதுவாக இருந்தாலும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

இனி வரிகள். டிரான்ஸ்கிரிப்ட்டை அச்சிட்டு, ஒரு அளவுகோலை வரியின் கீழ் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள். குறியீடு, தலைப்பு, கிரெடிட், கிரேடு நான்கும் அதில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆய்வகம் தனி வரியாக ஒரு கிரெடிட்டோடு இருந்தால் நீங்களும் தனி வரியாகவே போடுங்கள். மூன்றையும் ஒன்றையும் கூட்டி நான்கு என்று எழுதாதீர்கள். பாதியில் விலகிய பாடமும் வரும். படித்துக்கொண்டிருக்கும், படிக்கப்போகும் பாடங்களும் வரும். கடைசியாகச் சொன்னவற்றை விட்டுவிட்டால், உங்களுக்கு முன்தேவை நிறைவேறாது என்று கல்லூரி முடிவு கட்டிவிடும்.

திரும்பப் படித்த பாடம் பற்றிப் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. உங்கள் கல்லூரி பழைய கிரேடை அழித்துப் புதியதை மட்டும் எண்ணலாம். பார்ம்காஸ் இரண்டையும் எண்ணும். நான்கு கிரெடிட் கரிம வேதியியலில் முதலில் டி, மறுமுறை ஏ என்றால், உங்கள் கல்லூரிக் கணக்கில் 4.0, இங்கே இரண்டின் சராசரியான 2.5. காலாண்டு முறைக் கல்லூரியில் படித்தவர்களின் கிரெடிட்டும் செமஸ்டர் அளவுக்கு மாற்றப்படும், ஒன்று சுமார் 0.67 ஆகும். ஆகவே கல்லூரி கேட்கும் குறைந்தபட்ச ஜிபிஏவோடு ஒப்பிட வேண்டிய எண், உங்கள் டிரான்ஸ்கிரிப்ட்டின் அடியில் அச்சாகியிருப்பது அன்று.

## 8. கட்டுரை

இடம் 4,500 எழுத்துகள், இடைவெளிகளையும் சேர்த்து. ஏறக்குறைய ஒன்றேகால் பக்கம். இதை இவ்வளவு தள்ளி வைத்ததற்குக் காரணம், கவுண்டருக்குப் பின்னால் நின்ற மாதங்கள் இல்லாமல் எழுத உங்களிடம் எதுவும் இருக்காது என்பதுதான்.

நான் பார்க்கும் வரைவுகளில் பாதி இப்படித் தொடங்குகின்றன: சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் எனக்கு ஆர்வம் உண்டு. செவிலியரும் இதைச் சொல்லலாம், தீயணைப்பு வீரரும் சொல்லலாம். மருந்தாளுநராக ஏன் என்பதற்கு இதில் பதில் இல்லை.

ஒரு மாணவர் இரண்டாம் வரைவில் எழுதியது வேறு மாதிரி. அவர் டெக்னீஷியனாக இருந்த கடையில் ஒரு முதியவர் மெட்பார்மின் மாத்திரை வாங்க வருவார். முப்பது நாளுக்கான மாத்திரை. அடுத்த முறை அவர் வந்தது ஐம்பத்தெட்டாம் நாள். கணினித் திரையில் அந்தத் தேதியைக் கவனித்த மாணவர் மருந்தாளுநரிடம் சொல்கிறார். விசாரித்தால், செலவைக் குறைக்க அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அது மெதுவாகக் கரையும் வகை. உடைத்தால் மருந்து ஒரேயடியாக வெளியாகிவிடும். மருந்தாளுநர் மருத்துவரை அழைத்து, விலை குறைந்த சாதாரண வகைக்கு மாற்றினார். மாணவர் அதில் செய்தது ஒரு தேதியைக் கவனித்தது மட்டுமே. அதையும் அப்படியே எழுதியிருந்தார். ஒரு மருந்தாளுநருக்கு மட்டுமே கண்ணில் படும் விஷயம் என்ன என்பது அந்தப் பத்தியில் இருந்தது. இடம் கிடைத்தது.

ஒரே கட்டுரை எல்லாக் கல்லூரிக்கும் போகும் என்பதால் எந்தக் கல்லூரியின் பெயரையும் அதில் எழுதாதீர்கள். கிரேடு குறைந்த ஒரு செமஸ்டர் இருந்தால் இரண்டு வாக்கியத்தில் காரணம் சொல்லுங்கள், மூன்றாவது வாக்கியத்தில் என்ன மாற்றினீர்கள் என்று சொல்லிவிட்டு நகருங்கள். சமர்ப்பித்த பிறகு கட்டுரையைத் திருத்த முடியாது.

## 9. சமர்ப்பித்ததோடு வேலை முடியவில்லை

பரிந்துரைகளும் டிரான்ஸ்கிரிப்ட்டும் வந்து சேரும்வரை சமர்ப்பிக்காமல் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி முடிந்ததும் அனுப்பலாம். அவை பின்னால் வந்து சேரும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இடங்களை ஒதுக்குகின்றன. கடைசித் தேதி மார்ச் என்று போட்டிருக்கும் கல்லூரியில் உதவித்தொகைப் பணம் அதற்குள் கரைந்திருக்கலாம். செப்டம்பருக்குள் அனுப்புவது என் அறிவுரை.

பிறகு தளத்தின் நிலையை வாரம் ஒருமுறை பாருங்கள். எல்லாம் வந்து சேர்ந்தால் முழுமை என்று காட்டும். அதன் பிறகு ஒப்பிட்டு முடித்தால் சரிபார்க்கப்பட்டது என்று காட்டும். இரண்டாவது வந்த பிறகுதான் நிம்மதியடையலாம். பிழை கண்டால் திருப்பி அனுப்புவார்கள். அன்றே திருத்தி அனுப்புங்கள்.

சில கல்லூரிகள் தங்கள் தளத்தில் தனியாக ஒரு துணை விண்ணப்பமும் கட்டணமும் கேட்கும். பார்ம்காஸில் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்து இதைத் தவறவிடுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். இலையுதிர் செமஸ்டர் கிரேடுகள் வந்ததும், குளிர்காலத்தில் கல்விப் பதிவைப் புதுப்பிக்கத் தளம் திறக்கும், அதையும் செய்துவிடுங்கள்.

## 10. நேர்முகத் தேர்வு

இருவர் எதிரில் உட்கார்ந்து கேட்கும் வழக்கமான முறை உண்டு. எம்எம்ஐ என்ற முறையில் பல சிறு நிலையங்கள் இருக்கும். கதவில் ஒட்டிய சூழ்நிலையைப் படித்துவிட்டு உள்ளே போய்ச் சில நிமிடங்கள் பேச வேண்டும். இங்கே சோதிப்பது மருந்தறிவை அன்று. சக மாணவன் தேர்வில் காப்பியடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்பது போன்ற கேள்விகள்தான் வரும்.

நம் பிள்ளைகள் செய்யும் தவறு, சரியான விடையைத் தேடுவது. "புகார் செய்வேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு மீதி நேரம் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கெல்லாம் பாதிப்பு, எனக்கு என்ன தெரியாது, முதலில் யாரிடம் பேசுவேன் என்று வாய்விட்டு யோசிக்க வேண்டும். சிந்திக்கும் விதத்துக்குத்தான் மதிப்பெண். கண்ணாடி முன் பயிற்சி செய்வதைவிட, கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது நல்லது. "பேசிக்கலி" எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

நீங்கள் கேட்க ஒரு கேள்வி கைவசம் இருக்கட்டும். அந்த 44 பேர் பற்றிய கேள்வியைப் பணிவாகக் கேட்கலாம்.

## 11. இடம் கிடைத்த பிறகு

முன்பணம் கட்டும் கடிதம் வரும். அது பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. மற்ற கல்லூரிகளின் முடிவு எப்போது வரும் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கால நீட்டிப்பு கேட்பது தவறில்லை.

கடன் வாங்குபவர்கள் ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற கூட்டாட்சிக் கடன் கிடையாது. தொழிற்படிப்பு மாணவர்களுக்கான கூட்டாட்சிக் கடனுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வந்திருக்கிறது. கல்விக் கட்டணத்தோடு வீட்டு வாடகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள். மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்தக் கடனே கிடையாது. விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்கவே செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும்.

குற்றப் பின்னணிச் சோதனையும் போதைப்பொருள் சோதனையும் உண்டு. உங்கள் மாநிலத்தில் கஞ்சா சட்டப்படி விற்கப்படலாம். கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் குற்றம். மாநிலச் சட்டம் இருக்கிறதே என்று வாதாடினால் இடம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். முதல் ஆண்டுகளிலேயே மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் 300 மணி நேரம் பயிற்சி தொடங்கிவிடும் என்பதால், மாநில பார்மசி வாரியத்தில் பயிற்சி உரிமத்துக்கும் சேர்க்கை உறுதியானதுமே விண்ணப்பியுங்கள்.

தடுப்பூசிப் பட்டியலில் ஹெபடைடிஸ் பி இருக்கும். வழக்கமான மூன்று தவணை முறையில் முடிக்க ஆறு மாதம் ஆகும். ஆகஸ்டில் வகுப்பு என்றால் பிப்ரவரியிலேயே முதல் ஊசி. சிறுவயதில் போட்டிருந்தாலும் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். இந்தியாவில் போட்ட ஊசியின் அட்டையை அம்மாவிடம் இப்போதே தேடச் சொல்லுங்கள்.

கடைசி டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று பாக்கி. வசந்த செமஸ்டர் முடிந்ததும் இதை நேராகக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். கோரிக்கைப் படிவத்தில் 'கிரேடுகள் பதிவான பிறகு அனுப்பவும்' என்ற பெட்டி இருக்கும். அதைத் தேர்வு செய்யாமல் விட்டால், கரிம வேதியியலுக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும் தாள்தான் போய்ச் சேரும்.